இரண்டு பக்கம் காற்றடிக்கும் தீவு

ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது இன்னும் சத்தம் போடுகிறதா? எனக்குக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான். மற்றபடி இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம்.

ஒரு சேதி. போனில் சொல்லியிருந்தால் உன் குரலைக் கேட்டிருக்கலாம். என்ன செய்ய, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அப்பா இறந்த வருஷம் நாம் இருவரும் போனில் சண்டை போட்டு நான்கு மாதம் பேசாமல் இருந்தோமே, அதற்குப் பிறகு எதுவானாலும் இனிக் கடிதம்தான் என்று முடிவு செய்தவள் நீ. எழுதும்போது கோபம் ஆறிவிடும் என்றாய்.

நாங்கள் தீவுக்குப் போகிறோம்! எந்தத் தீவு என்று நீ கேட்க மாட்டாய். எரிமலைத் தீவு. நீ போட்டோ ஸ்டுடியோவின் பின்னணித் திரையில் வரைந்த அதே தீவு. முப்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் எல்லாம் பொருத்தி முடித்ததற்காக என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் நீண்ட விடுமுறை கொடுத்திருக்கிறார்கள். "எங்கயாவது போவோமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தீவின் விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மே மாதம் பயணம்.

கேள். தீவில் மொத்தமே ஒரு விடுதி, ஒன்பது அறை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் நடத்துகிறார். ஊரைத் தாண்டினால் சாலையே கிடையாதாம். மலையின் தோள் வரைக்கும் காடு, ஆள் உயரத்துக்குப் பெரணிச் செடிகள், கறுப்பு மணல் கடற்கரை, பாறைக்கு நடுவே வெந்நீர் ஊற்று. வாரத்துக்கு இரண்டே படகு.

உன் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க எத்தனையோ பேர் வருவார்கள். அந்தப் பக்கம் போய் வந்தவர் யாராவது இருந்தால் எந்த மாதம் நல்லது என்று விசாரித்து எழுதேன்.

உன்,
பட்டாணி


பிப்ரவரி 4

பட்டாணிக்கு,

சளிக்கு வெந்நீர் குடி. என் முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுதியிருந்தால் தபால்காரருக்குக் கை சுட்டிருக்கும்.

ரொம்ப சந்தோஷம். இந்த வரியை நான்கு தாளில் எழுதிப் பார்த்து, ஐந்தாவது தாளில்தான் ஓரளவு சந்தோஷம் மாதிரி வந்தது.

"திரையில் வரைந்த அதே தீவு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். அந்தத் திரையின் கதை உனக்கு மறந்துவிட்டதா? எனக்கு இருபது வயசு, ஸ்டுடியோவில் சேர்ந்த புதிது. உனக்குப் பதினாலு. வர்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீதான். பன்னிரண்டு அடித் துணியை நம் முன்னறையில் முழுதாக விரிக்க இடமில்லை. மேல் பாதியை வரைந்து, காயவைத்து, சுருட்டிவிட்டு, மறுநாள் கீழ்ப் பாதியை வரைந்தேன். முதல் நாள் எரிமலைப் புகையை இடப்பக்கம் போகவிட்டது மறுநாள் நினைவில்லை. தென்னை மரங்களை வலப்பக்கம் சாய்த்து வைத்தேன். ஸ்டுடியோவில் தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது.

"என்னம்மா, உன் தீவுல மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்தா?" என்று முதலாளி கேட்டார். கேட்டதோடு விட்டாரா? படம் எடுக்க வந்தவர்களிடம் எல்லாம் காட்டிக் காட்டிச் சிரித்தார். ஒரு வருஷம் கழித்து, ஊர் ஊராகப் போய்ப் படமெடுக்கும் ஒருவர் தலையில் அதைக் கட்டிவிட்டார்.

அன்றைக்கு நான் அழுதபோது நீ என்ன சொன்னாய்? "ஒரு நாள் நெஜத் தீவுக்கே போய் எந்தப் பக்கம் காத்தடிக்குதுன்னு பாத்துடலாம்க்கா. நாம ரெண்டு பேர் மட்டும். வேற யாரையும் சேக்கக் கூடாது" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். பதினாலு வயசில் செய்த சத்தியம் செல்லாது என்பாய். எனக்கு அப்போது இருபது. என் பக்கத்துக்குச் செல்லும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அவருடைய ரசனை இவ்வளவு உயரும் என்று நான் நினைக்கவில்லை.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

சளி போய்விட்டது. முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா? "அதன் இஷ்டத்துக்கு" என்றால் என்ன அர்த்தம்?

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. நிஜமாகவே கோபமா? சத்தியத்தை நான் மறக்கவில்லை. அக்காவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவரிடம் கேட்டேன். "இந்தத் தடவை நாம மட்டும் போவோம். உங்கிட்ட உக்காந்து நிதானமாப் பேசணும், அங்க போய்ப் பேசலாம்" என்றார். அக்கா, அவர் என்னிடம் நிதானமாகப் பேசி எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? சாப்பிடும்போதுகூட போனைத்தான் பார்ப்பார். அதனால் நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

சாமான் வாங்க ஆரம்பித்துவிட்டேன். மழைக்கோட்டு இரண்டு, முழுக் கால் மூடும் ஷூ, பெரிய விளிம்பு வைத்த தொப்பி. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று, நீல நிறம். கண்ணாடிக் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. நேற்றுக் கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர், "கடைசி வரி தெரியலம்மா" என்றார். நான், "பரவால்ல, புகை தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பயந்துபோய்ச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

எந்த மாதம் நல்லது என்று மட்டும் விசாரித்துச் சொல். நீ சொன்னால் சரியாக இருக்கும்.

உன்,
பட்டாணி


மார்ச் 3

பட்டாணிக்கு,

டாக்டரைப் பார்த்தேன். உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னார். ஸ்டுடியோவில் மற்றவர்கள்தான் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. நீ நன்றாக இருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

நீ கேட்டபடி விசாரித்துவிட்டேன். கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர் ஒருவர் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். அந்தத் தீவில் இரண்டு வருஷம் இருந்தவர். முகவாயை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டேன். மே மாதம் வேண்டவே வேண்டாம். அக்டோபரில் போங்கள். அக்டோபரில்தான் மலை உச்சி வரை பளிச்சென்று தெரியுமாம். காட்டுப் பாதையில் அட்டை கடிக்கும், உப்பு எடுத்துப் போகவும். இவ்வளவுதான் விவரம்.

பெட்டி நீல நிறமா? எனக்குப் பிடித்த நிறம் என்பதாவது ஞாபகம் இருந்திருக்கிறது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்கா,

ஸ்டுடியோவில் ஒரு முக்காலி போட்டுக்கொள், உன் முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். இங்கே சுகம்.

அக்டோபருக்கு மாற்றிவிட்டோம்! விடுதி டீச்சர்கூட, "அக்டோபரா? நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். என் அக்கா விசாரித்துச் சொல்லியிருக்கிறாள் என்று பதில் போட்டேன். வீட்டில் இவர்தான் முகம் ஒரு மாதிரி ஆகி, "அக்டோபர் வரைக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பாவம், அவ்வளவு ஆசை.

நீ கோபத்தில் இருந்தும் எனக்காக அலைந்து விசாரித்தாயே, அதுதான் நீ.

பட்டாணி


ஏப்ரல் 29

பட்டாணிக்கு,

நீ நலமாக இருப்பாய். இருக்காமல் என்ன? நானும் முக்காலி போட்டுக்கொண்டுவிட்டேன்.

ஒன்றரை மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை நல்லபடியாக எழுத மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு புதுமணத் தம்பதி படம் எடுக்க வந்தார்கள். எங்கேயோ மலைக்குப் போகிறார்களாம். "கன்னத்துல இருக்கற மருவை மட்டும் எடுத்துடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். தலையை ஆட்டிவிட்டு, எடுக்காமலே படத்தைக் கொடுத்தேன். அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஒன்றுமில்லை. மலைக்குப் போகிறாள், அவ்வளவுதான்.

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். இனி இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாயோ செய்துகொள். காலையில் பல் விளக்கும்போது பொறாமை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பொறாமை. உன் தொப்பியின் விளிம்பு எவ்வளவு அகலம் என்று யோசித்து நேற்று ஒருவருக்குப் பாதித் தலையை வெட்டிப் படம் எடுத்துவிட்டேன்.

உன் மேல்கூட அவ்வளவு இல்லை. மாப்பிள்ளை மேல்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். சரி, அது கல்யாணம், ஊர் வழக்கம். தீவையுமா? நான் அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு இங்கேயே இருந்தேன். எனக்கு என்று ஒரு பொய்த் தீவும், கூட வருவதற்கு ஒரு தங்கையும் இருந்தார்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறார்.

போனால் ஒரு படம் எடுத்து அனுப்பு. மலைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்று. அதையும் பார்த்துத் தொலைக்கிறேன்.

அக்கா


ஜூலை 26

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் முழங்கால்?

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது, நானே திருகாணி வாங்கி வந்து சரி செய்தேன். சமையலும் சுருங்கிவிட்டது. ஒரு தடவை வைத்தால் இரண்டு நாளைக்கு வருகிறது. கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் சும்மா இருப்பதற்கு அது மேல். அவருக்கு வெளியூரில் வேலை.

உன் ஏப்ரல் கடிதத்தை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். தொப்பியைப் பற்றி எழுதியிருந்தது பிடித்தது. மாப்பிள்ளையைத் திட்டியிருந்ததும் பிடித்தது. இன்னும் எழுது, அக்கா. நாங்கள் தீவில் என்னென்ன செய்வோம் என்று நீ நினைக்கிறாயோ, அதையெல்லாம் எழுது.

பட்டாணி


ஆகஸ்ட் 9

பட்டாணிக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீ மெலிந்திருப்பாய் என்று தோன்றுகிறது. புரிகிறது, மலை ஏற உடம்பைத் தயார் செய்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வேலையும் அந்தப் பயணத்துக்காகத்தான். ஏற்கெனவே போகிறவள் இன்னும் நன்றாகப் போக வேண்டும் என்று பாடுபடுகிறாய். என் வயிற்றெரிச்சலை எழுதச் சொல்லி வாங்கிப் படிக்கிற அளவுக்கு உனக்குத் திமிர் ஏறியிருக்கிறது.

கேட்டாய் அல்லவா, எழுதுகிறேன். நீ காலையில் எழுந்து சன்னலைத் திறப்பாய். மலை நிற்கும். மாப்பிள்ளை பின்னால் வந்து, "தூங்குனியா?" என்று கேட்பார். உனக்கு அவர் கேட்டதே காதில் விழாது, அவ்வளவு அழகு. பெரணிக் காட்டுக்குள் அவர் முன்னால் போவார், உனக்குக் கை கொடுப்பார். கறுப்பு மணலில் இரண்டு பேருடைய செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். வெந்நீர் ஊற்றில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பழைய கதை எல்லாம் பேசுவீர்கள். நடுவில் ஒரு தடவையாவது, "எங்க அக்கா இதை வரைஞ்சா" என்று நீ சொல்வாய். அவர், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உனக்கு எல்லாம் கிடைத்தது, பட்டாணி. எனக்குக் கிடைத்தது எல்லாம் எதிரில் உட்கார்ந்து அசையாமல் இருக்கிறவர்கள்தான். உன் இடத்தில் ஒரே ஒரு நாள் இருந்தால் போதும் எனக்கு.

அக்கா


அக்டோபர் 22

அன்புள்ள அக்கா,

நீ நலம்தானே? நாங்கள் இருவரும் நலம்.

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லாம் நீ எழுதியது போலவே இருந்தது. சன்னலைத் திறந்தால் மலை. காட்டில் அவர்தான் முன்னால் போனார். மழையே இல்லை. ஒரு துளிகூட இல்லை. நீ சொன்ன மாதிரி உச்சி வரை பளிச்சென்று தெரிந்தது. நீ மாதம் பார்த்துச் சொன்னதற்கு நன்றி.

கேட்ட படம் இதோடு இருக்கிறது. நான் மட்டும்தான் இருக்கிறேன். எடுத்தது அவர்.

வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

பட்டாணி


அக்டோபர் 27

என் பட்டாணிக்கு,

சாப்பிடுகிறாயா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? முதலில் அதற்குப் பதில் சொல்.

உன் கடிதம் ஸ்டுடியோவுக்குத்தான் வந்தது. நான் முதலில் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. முதலாளி கையில் கொடுத்து, "என் தங்கச்சி தீவுக்குப் போயிட்டு வந்திருக்கா" என்றேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "ஜோரா இருக்கே. நீயும் போய்ட்டு வந்திருக்கலாம்ல?" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம்தான் நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். உன் தொப்பி எவ்வளவு அகலம், உன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்று அளந்து பார்த்து வயிறு எரிய வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

புகை இடப்பக்கம் போகிறது. மரங்கள் வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன.

முதலாளிக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் சிரித்தவருக்குத் தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? மூன்றாவது மரத்தின் மட்டையில் நீ விரலை வைத்துவிட்ட பச்சைக் கறைகூட அப்படியே இருக்கிறது. உன் ஷூவுக்குப் பக்கத்தில் திரைத் துணி மடிந்திருக்கிறது. பட்டாணி, நீ எங்கேயும் போகவில்லை.

இன்னொன்றும் தெரியும். அக்டோபரில் அங்கே மழை பெய்யாமல் இருக்காது. கப்பல் சமையல்காரர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஏப்ரல், மே தாம்மா நல்லது. அக்டோபர்ல போனா மலையைப் பாக்க முடியாது, குடையைத்தான் பாக்கணும்." நான் மாற்றி எழுதினேன். நீங்கள் இரண்டு பேரும் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து, ஈரத் துணியைக் காயவைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சலித்துத் திரும்பி வரட்டும் என்று எழுதினேன். எழுதி ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். நீ அதற்கும் நன்றி எழுதினாய். இந்தத் தடவையும் எழுதியிருக்கிறாய்.

நான் எத்தனையோ முகங்களைத் திருத்துகிறவள். உன் முகத்தில் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. மாப்பிள்ளை எங்கே? உன் ஜூலைக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். குழாயை நீயே சரி செய்திருக்கிறாய். இரண்டு நாள் சமையல். நான் அதைப் படித்துவிட்டு, திமிர் என்று எழுதினேன்.

ஒப்பந்தம் எல்லாம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கடையிலிருந்து வந்த பிறகு, இரவு எட்டு மணிக்குப் போன் செய்வேன். சண்டை போட மாட்டேன்.

உன்,
அக்கா


நவம்பர் 5

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். ஒழுங்காக இல்லை.

போன் மூன்று தடவை அடித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எடுக்கவில்லை. எடுத்தால் குரல் வந்திருக்காது. எழுதுவதுதான் எனக்கு முடியும்.

மே மாதம், முதலில் நாங்கள் கிளம்ப வேண்டியிருந்த அதே வாரம், அவர் கிளம்பினார். தீவுக்கு இல்லை. வேறு ஒரு வீடு இருக்கிறது, அங்கே வேறு ஒருத்தி இருக்கிறாள், இரண்டு வருஷமாக. தீவுக்கு என்று வாங்கிய நீலப் பெட்டியில்தான் துணிகளை அடுக்கி எடுத்துப் போனார். எனக்கு அந்தப் பெட்டியை நினைத்துத்தான் முதலில் அழுகை வந்தது, பார். "அவர்" என்று எழுதாமல் "அவன்" என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். பதினாறு வருஷப் பழக்கம், கை வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கொதித்தேன். மே மாதமே தீவுக்குப் போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமோ என்று நான் நினைக்காத நாளே இல்லை. அதை நீ கெடுத்துவிட்டாய் என்று ஒரு நாள் பூராவும் உன்னைத் திட்டினேன். அப்புறம், போகும்போது அவர் வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. "தீவுக்குப் போய் நிதானமாச் சொல்லலாம்னு இருந்தேன். நீதான் அக்டோபர்னு இழுத்துட்ட." அக்கா, அவர் பேச வேண்டும் என்றது இதைத்தான். அதற்காகத்தான் அந்தத் தாளை நீட்டினார். அந்த ஒன்பது அறை விடுதியில், சன்னலில் மலை நிற்க, இதை என் காதில் போட்டிருப்பார். அடுத்த படகுக்கு நான்கு நாள் இருந்திருக்கும்.

அதனால் உன் பொய்யை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் நான் அழுதது அந்தத் தீவில் இல்லை, என் வீட்டில், என் தலையணையில். அது உன்னால்தான்.

உனக்கு ஏன் சொல்லவில்லை? உன் பொறாமைக்காகத்தான். கேட்டால் சிரிப்பாய். உன் ஏப்ரல் கடிதம் வந்து மூன்றே வாரத்தில் அவர் போய்விட்டார். வெறும் வீட்டில் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னைப் பார்த்து ஒருத்தி பல் விளக்கும்போதுகூடப் பொறாமைப்படுகிறாளே, அப்படியானால் என்னிடம் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். நீ ஆகஸ்டில் எழுதினாயே, சன்னலைத் திறப்பாய், அவர் "தூங்குனியா?" என்று கேட்பார் என்று. அவர் அப்படிக் கேட்டதே இல்லை, அக்கா. உன் கடிதத்தில் மட்டும்தான் கேட்டார். உண்மையைச் சொன்னால் நீ பொறாமைப்படுவதை நிறுத்திவிடுவாய். நீயும் நிறுத்திவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

உன் திரை இங்கே ஒரு ஸ்டுடியோவில் தொங்குகிறது, ஊர் ஊராகப் போகும் அந்தப் படக்காரரிடம் வாங்கினார்களாம். மார்ச்சில் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனபோதே பார்த்தேன். நேரில் சொல்லி உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சேதியை ஒளித்து வைத்திருந்தேன். அக்டோபரில் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய், அதன் முன்னால் நின்றேன். வாயால் சொல்ல வரவில்லை, எழுதவும் வரவில்லை. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவாயோ என்று அதைவிட அதிகம் பயந்தேன்.

விடுதி டீச்சருக்கு எழுதி அறையை ஏப்ரலுக்கு மாற்றிவிட்டேன். இரண்டு கட்டில், மலைப் பக்கம் சன்னல். "இப்பத்தான் சரியான மாசம் சொல்றீங்க" என்று பதில் வந்தது. ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாய், உனக்கு ஒன்று எடுத்துக்கொள். உன் முதலாளியை எடுக்கச் சொல். முக்காலியில் நிமிர்ந்து உட்கார்.

உன்,
பட்டாணி


ஏப்ரல் 18

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

தாங்களும் வீட்டிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் காட்டுப் பாதையில் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. என் தங்கையும் சுகம். இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடுகிறாள், மூன்றாவது வேளைக்கு என் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். சன்னலோரக் கட்டிலையும் அவளே பிடித்துக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தம்தான், சொல்லிவிட்டேன்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். விடுதி டீச்சர் எடுத்தது. நடுவில் நாங்கள் இருவரும். எங்களைப் பார்க்க வேண்டாம், பின்னால் பாருங்கள். கண்ணாடியை மூக்கில் இறக்காமல், நேராகப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

புகை இடப்பக்கம் போகிறது. மரங்கள் வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. டீச்சரிடம் கேட்டோம். "இங்க எப்பவுமே அப்படித்தான். கீழ அடிக்கிறது கடல் காத்து, மேல உச்சியில வேற காத்து. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். என் தங்கை கறுப்பு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். ஒரு வருஷமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு அழுதாள். பிறகு மறுபடி சிரித்தாள்.

நான் தப்பாக வரையவில்லை, ஐயா. இருபத்தேழு வருஷம் கழித்து இதை உங்களுக்கு எழுதுகிறேன். இந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டுங்கள். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுங்கள்.

அடுத்த படகுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதுவரை நீங்கள் அங்கே உட்கார்ந்து எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள். இரண்டு பேருக்கும் அது தேவையாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் ஸ்டுடியோப் பெண்ணும்
பட்டாணியும்